லேசர் கடைசியில்தான் என்று யார் சொன்னது?

கண் அழுத்த நோய் என்று ஒருவரிடம் சொல்லப்படும் நாளிலேயே அவருக்கான வரிசையும் முடிவாகிவிடுகிறது. முதலில் ஒரு சொட்டு மருந்து. அதற்கு அடங்காவிட்டால் இரண்டாவது. அதற்கும் அடங்காவிட்டால் மூன்றாவது. எல்லாம் கைவிட்ட பிறகு லேசர், அதன் பின் ஆபரேஷன். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக் கடைக்காரர் எல்லோரும் இதையே ஓதுகிறார்கள்: "சொட்டு மருந்துல அடங்குற வரைக்கும் கண்ணுல கை வைக்க விடாதீங்க." கண் மருத்துவர்களிலும் இந்த வரிசையை இன்னும் விடாதவர்கள் உண்டு.

இந்த வரிசை தவறு. கிளாக்கோமா எனப்படும் இந்த நோயில் பெரும்பங்கு வகிக்கும் திறந்த கோண வகையில், நோய் கண்டுபிடிக்கப்பட்டதும் நோயாளியின் முன் வைக்கப்பட வேண்டிய முதல் சிகிச்சைகளில் லேசரும் ஒன்று. பலருக்கு அதுவே முதலாவதாக இருக்க வேண்டும். ஆசையில் சொல்லவில்லை, ஆய்வுகள் சொல்கின்றன, என் வீட்டில் நடந்ததும் சொல்கிறது.

என் பெரியம்மா கோவில்பட்டியில் தனியாக இருந்தவர். கண்ணாடி மாற்றப் போன இடத்தில், 61 வயதில், கண்ணில் அழுத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். இரவில் ஒரு சொட்டு, இரண்டு கண்ணுக்கும். முடக்குவாதத்தில் மடங்கிப்போன விரல்கள் அவருக்கு. அந்தச் சின்னக் குப்பியைப் பிடித்துத் தலைகீழாக்கி, இமையை இழுத்து, ஒரே ஒரு சொட்டை மட்டும் பிதுக்குவது முடியாத காரியம். ஒன்று நெற்றியில் விழும், இல்லையென்றால் கன்னத்தில் வழியும். அதனால் எதிர்வீட்டுப் பெண் டியூஷன் முடிந்து வந்து போட்டுவிடுவாள். வாசல் திண்ணையில் அண்ணாந்து உட்கார்ந்திருப்பார். அவள் போட்டுவிட்டு, "பெரியம்மா, கண்ண மூடிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். குப்பி ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அந்தப் பெண் கல்லூரி விடுதிக்குப் போனதும் சொட்டு மருந்தும் போனது. முற்றிலும் நிற்கவில்லை. யாராவது வந்தால் போட்டுக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வாரம் மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார். டாக்டர் கேட்டால், "போட்டுக்கிட்டுத்தான் சார் இருக்கேன்." அன்றைக்கு அளந்தால் அழுத்தம் 16. அட்டையில் 16 என்று எழுதி, அதே மருந்தைத் தொடரச் சொல்லி அனுப்புவார்கள். ஆறு வருஷம் இப்படியே போனது. ஆறாவது வருஷம் எடுத்த பார்வைப் பரப்புச் சோதனையில், இடது கண்ணில் மூக்குப் பக்கம் கறுப்புத் திட்டு நடுப்பார்வையை நெருங்கி வந்திருந்தது. 16 என்று எழுதிய எண்கள் எல்லாம் அந்த ஒரு வாரத்தின் எண்கள். மற்ற வாரங்களின் எண் யாருக்கும் தெரியாது.

அந்த ஆறு வருஷத்தில் லேசர் என்ற சொல் ஒரு தடவைகூட எங்களிடம் சொல்லப்படவில்லை. நாங்களும் கேட்கவில்லை. "சொட்டு மருந்துலயே அடங்கிருச்சே" என்று நிம்மதியாக இருந்தோம்.

இனி, இந்த வரிசைக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: "சொட்டு மருந்து சாதுவானது; லேசர் கண்ணைச் சுட்டுவிடும்."

கண்ணுக்குள் ஒரு நீர் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. கருவிழிக்கும் கண்மணியைச் சுற்றிய திரைக்கும் நடுவிலுள்ள கோணத்தில் சல்லடை போன்ற ஒரு திசு உண்டு. சுரந்த நீர் அதன் வழியாக வடிந்து இரத்தத்தில் சேர்கிறது. திறந்த கோண வகையில் கோணம் திறந்தே இருக்கும்; சல்லடைதான் சரியாக வடியவிடாது. மடை அடைத்தால் வாய்க்கால் ததும்புவது போல அழுத்தம் ஏறி, கண்ணின் பின்னாலுள்ள நரம்பு இழை இழையாகச் சாகிறது. செத்த இழை திரும்ப வராது.

1979இல் வந்த பழைய ஆர்கான் லேசர் இந்தச் சல்லடையில் புள்ளி புள்ளியாகச் சுட்டது உண்மை. தழும்பு உண்டாக்கியது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்ய முடியாதிருந்தது. லேசர் பற்றிய பயம் அந்தக் காலத்துப் பயம். இன்று செய்யப்படுவது வேறு. 1990களில் அமெரிக்க மருத்துவர் மார்க் லாட்டினா உருவாக்கி, 2001இல் அங்கே அனுமதி பெற்ற எஸ்.எல்.டி. என்ற லேசர் இது. 532 நானோமீட்டர் பச்சை ஒளி; ஒரு துடிப்பின் நேரம் 3 நானோ விநாடி, அதாவது ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கு. நிறமி உள்ள செல்கள் மட்டும் அதை வாங்கிக்கொள்கின்றன. சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவுவதற்குள் துடிப்பு முடிந்துவிடுகிறது. அதன் தூண்டுதலால் உடலே ஆள் அனுப்பிச் சல்லடையைச் சுத்தம் செய்துகொள்கிறது. நோய் எங்கே இருக்கிறதோ அங்கேயே வேலை செய்யும் சிகிச்சை இது.

சொட்டு மருந்து எந்த அளவுக்குச் சாது? டிமோலால் கண்ணில் விட்டாலும் மூக்கின் வழியாக இறங்கி இரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சைத் திணறடிக்கும், இதயத் துடிப்பு ஏற்கெனவே மந்தமாக உள்ளவருக்கு இன்னும் மந்தமாக்கும். லட்டனோபுரோஸ்ட் வகை மருந்துகள் இமையைக் கறுக்க வைக்கும், கண்ணைச் சுற்றிய கொழுப்பைக் கரைத்துக் கண்ணைக் குழியாக்கும். பிரிமோனிடின் பலருக்குக் கண் சிவந்து அரிக்கும் ஒவ்வாமையைத் தரும். குப்பியில் கிருமி வளராமலிருக்கக் கலக்கும் பொருள், வருஷக்கணக்கில் விடும்போது கண்ணை வறளச் செய்யும். இவற்றை வைத்து மருந்தைக் கைவிடச் சொல்லவில்லை. அவை எத்தனையோ கண்களைக் காத்திருக்கின்றன. ஆனால் தினமும் போடுவதாலேயே ஒன்று சாதுவாகிவிடாது.

நம் ஊரில் லேசர் பயம் இருப்பதாகச் சொல்வதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. புரை ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வருஷத்தில் லென்ஸின் பின்சவ்வு மங்கினால் "லேசர் அடிக்கணும்" என்கிறார்கள். நம் தாத்தா பாட்டிகள் காலையில் போய் அடித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார்கள். சவ்வைத் துளைக்கும் லேசர் அது. அதை ஏற்றுக்கொண்ட மக்கள், அதைவிட மென்மையான இதை மறுக்க மாட்டார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் நிலைமை.

இரண்டாவது: "லேசர் தற்காலிகம். ஒரு நாள் அதன் சக்தி போய்விடும்."

போகும், உண்மைதான். ஆனால் சொட்டு மருந்தின் சக்தி எவ்வளவு நாள்? லட்டனோபுரோஸ்ட் ஒரு நாள், டிமோலால் அரை நாள். தற்காலிகம் என்பது குறையென்றால் மருந்தைவிடத் தற்காலிகமானது எதுவும் இல்லை.

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையைச் சேர்ந்த கஸ் கஸார்டின் தலைமையில் நடந்த லைட் ஆய்வு 2019இல் லான்செட் இதழில் வந்தது. அப்போதுதான் நோய் கண்டறியப்பட்ட, அதுவரை எந்தச் சிகிச்சையும் பெறாத 718 பேர். பாதிப் பேருக்கு முதலில் லேசர், பாதிப் பேருக்கு முதலில் சொட்டு. மூன்று ஆண்டு முடிவில் லேசர் பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் ஒரு சொட்டு மருந்தும் இல்லாமல் தங்களுக்குக் குறித்த அழுத்தத்தில் இருந்தார்கள். ஆறு ஆண்டு முடிவு 2022இல் வந்தபோதும் ஏறத்தாழ 70 சதவீதக் கண்கள் மருந்தில்லாமல், ஆபரேஷன் இல்லாமல் கட்டுப்பாட்டில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றிரண்டு தடவை லேசரே போதுமானதாக இருந்தது. ஆறு ஆண்டு தாங்கும் ஒன்றைத் தற்காலிகம் என்று சொல்லி, ஒரு நாள் தாங்கும் ஒன்றை நிரந்தரத் தீர்வு போலக் கொடுப்பது என்ன கணக்கு?

மூன்றாவது, பலரும் அறிவார்ந்த வாதமாக நினைப்பது: "முதலில் சொட்டைப் பார்ப்போம். தோற்றால் லேசர் இருக்கவே இருக்கிறதே. காத்திருப்பதில் என்ன நஷ்டம்?"

நஷ்டம் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. இந்த நோயில் மருந்து தோற்பது சத்தம் போடாது. வலி இல்லை, சிவப்பு இல்லை; நடுப்பார்வை கடைசிவரை தெளிவாகவே இருக்கும். எழுத்து தெரியும், ஊசியில் நூல் கோக்க முடியும். ஓரம் மட்டும் உதிரும். அந்த உதிர்வு சோதனைத் தாளில் தெரியும்போது நரம்பில் கணிசமான பங்கு போயிருக்கும். பெரியம்மாவின் 16 என்ற எண்ணை நினைத்துப் பாருங்கள். சொட்டு தோற்றதைச் சொட்டே மறைத்தது. டாக்டர் பார்க்கும் நாளில் மட்டும் வேலை செய்து, பார்க்காத நாட்களில் தோற்றது.

லைட் ஆய்வு இதையும் அளந்தது. ஆறு ஆண்டில் நோய் முற்றிய கண்கள், சொட்டு முதலில் பெற்றவர்களில் 26.8 சதவீதம், லேசர் முதலில் பெற்றவர்களில் 19.6 சதவீதம். அழுத்தத்தைக் குறைக்கும் வடிகால் அறுவை சிகிச்சை, சொட்டுக் குழுவில் 32 கண்களுக்குத் தேவைப்பட்டது. லேசர் குழுவில் 13 கண்களுக்கு. நிபுணர்கள் அடிக்கடி கண்காணித்து, மருந்தைக் கூட்டிக் குறைத்து நடத்திய ஆய்விலேயே இந்த வித்தியாசம். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி வாழ்க்கைத் தரம். மூன்று ஆண்டில் அதில் இரு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதைச் சொல்லி லேசரைத் தள்ளுபவர்களுக்கு என் பதில்: பார்வையின் ஓரம் உதிரும்போது நோயாளிக்கே தெரியாத நோய் இது. அவர் நன்றாக இருப்பதாகச் சொல்வதை வைத்து நரம்பு நன்றாக இருப்பதாக முடிவு கட்டக்கூடாது.

நான்காவது: "அது வெள்ளைக்காரர் கண்ணில் நடந்த ஆய்வு. நம் கண் வேறு."

இந்தக் கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. தான்சானியாவின் கிளிமஞ்சாரோ கிறிஸ்தவ மருத்துவ மையத்தில் 201 நோயாளிகளிடம் எஸ்.எல்.டி. லேசரையும் டிமோலால் சொட்டையும் ஒப்பிட்டார்கள். 2021இல் வெளிவந்த முடிவு: ஓராண்டில் லேசர் வென்ற கண்கள் 61 சதவீதம், டிமோலால் வென்றவை 31 சதவீதம். கறுத்த நிறமியுள்ள கண்கள், முற்றிய நோய், தொலைவான ஊர்கள். நம் கிராமங்களின் நிலைமை லண்டனைவிடக் கிளிமஞ்சாரோ அடிவாரத்துக்கே நெருக்கம். நிறமி மிகுந்த கோணத்தில் ஆற்றலைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் சட்டென்று ஏறக்கூடும் என்பது மருத்துவர்கள் அறிந்ததே. அது கருவியின் அளவைத் திருத்தும் விஷயம். சிகிச்சையை மறுக்க அது காரணமாகாது.

ஐந்தாவது: "லேசர் பணக்கார வைத்தியம்."

கணக்குப் போடுவோம். இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒரு சொட்டு. 2.5 மில்லி குப்பி ஒரு மாதம் வரும். திறந்த குப்பியை நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. 60 வயதில் தொடங்கி 80 வரை என்றால் 240 குப்பிகள், 7,300 இரவுகள். இது ஒரு மருந்துக்கு. மூன்று மருந்தானால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். லேசரின் செலவு ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிகிறது, சொட்டின் செலவு மாதா மாதம் மளிகைக் கணக்கில் கரைந்துவிடுகிறது. மாதக் கடைசியில் பணம் முடை வந்தால் முதலில் நிற்பது எந்த வலியையும் தராத நோயின் மருந்துதான். இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, செலவையும் பலனையும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் 2022 ஜனவரியில் இந்த லேசரை முதல் சிகிச்சையாக அறிவித்தது.

கருவி எல்லா ஊரிலும் இல்லை என்பது உண்மை. மருந்துச் சீட்டை எங்கிருந்தும் எழுதலாம். லேசருக்கு ஓர் இடம் போக வேண்டும். இந்தப் பழைய வரிசை நிலைத்து நிற்பதற்கு மருத்துவத்தைவிட இந்த வசதியே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 1990இலேயே அமெரிக்காவில் 271 பேரிடம் நடந்த ஆய்வில், அன்றைய பழைய ஆர்கான் லேசரை முதலில் செய்த கண்கள் சொட்டு முதலில் பெற்ற கண்களுக்குக் குறைந்தவையாக இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்போதும் வரிசை மாறவில்லை. ஆனால் தமிழ்நாடு இப்படியொரு சுவரை முன்பே உடைத்த ஊர். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி அதை இங்கேயே செய்தார்கள். புரைக்கு லென்ஸ் வைப்பது ஊர் ஊராகப் போனது. புரைக்குச் செய்ததை இதற்கும் செய்யலாம். மாவட்டத்துக்கு ஒரு கருவி, வாரத்தில் ஒரு நாள் லேசர் நாள் என்று வைத்தாலே போதும்.

அப்படிச் செய்ய வேண்டிய தேவை எவ்வளவு பெரியது என்பதும் தெரிந்ததே. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயது தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்த அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வு 2003இல் வெளியானது. அதில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா. திறந்த கோண வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. அவர்களையெல்லாம் கேம்பில் கண்டுபிடித்து, ஆளுக்கொரு குப்பியைக் கொடுத்து, "ஆயுசுக்கும் போடுங்க" என்று பஸ் ஏற்றிவிடுவதைச் சிகிச்சை என்று நான் ஒப்ப மாட்டேன்.

கடைசி ஆட்சேபம் எனக்கும் கவலை தருவது: "லேசர் முடிந்தால் குணமாகிவிட்டது என்று நினைத்து மறுபடி வரவே மாட்டார்கள்."

இது நடக்கிறது. ஆனால் சொட்டு மருந்து வாங்கியவர்களும் வராமல் போகிறார்கள். அப்படிப் போனவர்களில், குப்பி தீர்ந்த மறுநாளே பாதுகாப்பை இழந்தவர் ஒருவர், லேசரின் பலன் உள்ளே வேலை செய்துகொண்டிருப்பவர் இன்னொருவர். காணாமல் போகும் நோயாளிக்கு எது மேல்? வரச் செய்வது நம் பொறுப்பு. அதற்காகச் சிகிச்சையைப் பின்னுக்குத் தள்ளுவது சரியல்ல.

லேசருக்கு எல்லை உண்டு. அதை மறைப்பவர் லேசருக்கு நன்மை செய்யவில்லை. கோணம் மூடிய வகைக்கு இது ஆகாது. அங்கே வேறு லேசர், சிலருக்குப் புரை ஆபரேஷன். கண்ணில் அழற்சி உள்ளவர்களுக்கும், சர்க்கரை நோயால் கோணத்தில் புது இரத்தக் குழாய் முளைத்தவர்களுக்கும் ஆகாது. முற்றிய நிலையில் வந்தவர்கள் லேசரை நம்பி நாளைக் கடத்தக்கூடாது. அவர்களுக்கு அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம். சிலர் கண்ணில் லேசர் எடுபடுவதே இல்லை. எடுபட்டாலும் முழுப் பலன் தெரிய ஆறு வாரம் போலாகும். போன பார்வையை இது திருப்பித் தராது. சொட்டு மருந்தும் தராது, ஆபரேஷனும் தராது. அதனால்தான் இருக்கிற பார்வைக்கு முன்னதாகவே காவல் வைக்கச் சொல்கிறேன்.

பெரியம்மாவுக்கு ஏழாவது வருஷம் வேறோர் இடத்தில் லேசர் செய்தோம். நான் கூடவே இருந்தேன். மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள். தாடையைக் கருவியில் வைக்கச் சொல்லி, பசை தடவிய ஒரு கண்ணாடி வில்லையைக் கருவிழி மேல் வைத்தார் டாக்டர். "டக், டக்" என்று மெல்லிய சத்தம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை மின்னல். சுமார் நூறு துடிப்பு. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. "இவ்வளவுதானா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் உட்காரவைத்து, அழுத்தம் ஏறவில்லை என்று அளந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இரண்டு நாள் கண் கொஞ்சம் உறுத்தியது. இப்போதும் ஒரு சொட்டு மருந்து தேவைப்படுகிறது, அதையும் மறக்கிறார். ஆனால் மறந்த இரவிலும் லேசர் தன் வேலையைச் செய்கிறது. இடது கண்ணில் போன ஓரம் போனதுதான். அந்தப் பக்கம் வைத்த டம்ளரை இன்றும் தட்டிவிடுகிறார்.

இந்த நோய் குடும்பத்தில் வரும். பெரியம்மாவின் தங்கையான என் அம்மாவைச் சோதித்தபோது அவர் கண்ணிலும் அழுத்தம் கூடியிருந்தது. நரம்பில் ஆரம்ப மாற்றம். இந்த முறை நாங்களே கேட்டோம்: "டாக்டர், கோணம் திறந்திருக்கா? லேசர முதல்லயே செய்யலாமா?" கோணத்தைப் பார்த்துவிட்டு, செய்யலாம் என்றார். செய்து மூன்று வருஷம் ஆகிறது. அம்மாவின் ஃபிரிட்ஜ் கதவில் குப்பி இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேதி தவறாமல் கூட்டிப்போகிறேன். பார்வைப் பரப்புத் தாள்களைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன்.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் மருத்துவப் படிப்பு தேவையில்லை. கண் அழுத்தம் என்று முதன்முதலாகக் கேள்விப்படும் நாளிலேயே, குப்பியை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பெரியம்மாவுக்காக முதல் நாளிலேயே நாங்கள் கேட்டிருக்க வேண்டியவை அவை.